புகைவீட்டுக் கருப்பாயியும் தேன்நிறப் பூச்சியும்

கருப்பாயி மலாயாவின் ஜொகூருக்கு வந்தபோது தோட்டத்து ரப்பர் மரங்கள் அவள் இடுப்பு உயரம்தான் இருந்தன. அவளுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வயது. மரங்களும் அவளும் சேர்ந்தே வளர்ந்தார்கள்; மரங்கள் கொஞ்சம் முந்திக்கொண்டன. லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி நாலு மைல் நடந்தால் வரும் அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டினாள், அங்கேயே கல்யாணம் ஆயிற்று. தாய் தகப்பனையும், பிறகு புருஷனையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தாள். ஒரே மகள் சந்திரமதியைத் தங்காக்கில் துணிக்கடையில் வேலை செய்யும் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தாள்.

ஒரு மழைநாளில் பால் வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் பிசகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்த பிறகு அந்தக் கால் நின்றது, நடந்தது, மடங்க மட்டும் மறுத்துவிட்டது. மடங்காத காலோடு மரத்தடியில் குனிந்து பால் வெட்ட முடியாது. உட்கார்ந்து புல் பிடுங்கவும் முடியாது. நின்றுகொண்டே செய்யக்கூடிய வேலை தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. அவளைப் புகைவீட்டில் போட்டார்கள்.

புகைவீட்டுக்கு ஜன்னல் கிடையாது. உயரமான பலகைக் கட்டடம். கீழே குழியில் விறகு கனன்றுகொண்டே இருக்கும். மேலே மூங்கில் கழிகள் தட்டுத் தட்டாகக் கூரை வரை போகும். ரப்பர் ஷீட்டுகள் வெள்ளையாக, ஈரமாக, துவைத்த வேட்டிகள் மாதிரி வந்து கழியில் தொங்கும். ஐந்து நாள் கழித்துத் தேன் நிறத்தில் இறங்கும். ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும், அது எத்தனை நாள் புகை குடித்தது, எந்தத் தட்டில் தொங்கியது, விறகு ஈரமா காய்ந்ததா என்று கருப்பாயி சொல்லிவிடுவாள். இரண்டாம் நாள் நிறம் வடித்த கஞ்சி மாதிரி. மூன்றாம் நாள் புளித்தண்ணீர். ஐந்தாம் நாள் தேன். எட்டாம் நாள் வரை மறந்து விட்டுவிட்டால் கருப்பட்டி, அதற்குத் திட்டு விழும்.

அவள் கதையில் பூச்சி வந்தது ஹார்ட்டன் துரையால்.

ஹார்ட்டன் துரை தோட்டத்து மானேஜர். பெண்டாட்டி கிடையாது. வண்ணத்துப் பூச்சிகள்தான் உண்டு. பங்களாவில் மூன்று அறை நிறையக் கண்ணாடிப் பெட்டிகள். தமிழ் பேசுவார், ஆனால் பெரட்டுக் களத்துக்கு வேண்டிய தமிழ் மட்டும்தான் படித்திருந்தார். விடியும் முன்பு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் அது. அந்தத் தமிழிலேயே அவர் பூச்சிகளைப் பற்றியும் பேசினார்.

“கருப்பாயி! இன்னிக்கு எத்தனை ஆள்?”

“நாலு பேரு வந்தாங்க தொரை. மூணு ஆம்பிளை, ஒரு பொம்பிளை.”

“லேட்டு யாரு?”

“கறுப்பு ஆளு ஒருத்தரு மழை விட்டப்புறம்தான் வந்தாரு தொரை.”

புகைவீட்டுக்குப் பின்னால் ஒரு பம்ப்ளிமாஸ் மரம் நின்றது. அதைத் தேடி உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய பூச்சிகள் வரும். பேர் கூப்பிடாமலே வந்த ஆட்கள் என்பதால் துரைக்கு அந்த மரத்தின்மேல் மரியாதை. நாள் முழுதும் அதற்கு எதிரே நிற்பவள் என்பதால் கருப்பாயியின் மேலும் கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்த மரத்துப் பூச்சிகளைத் துரை மூன்று பெட்டிகளில் மூன்று பெயர் எழுதி வைத்திருந்தார். இறக்கையில் வெள்ளை பூசியவை ஒரு பெட்டி, அடியில் மஞ்சள் ஓடியவை ஒரு பெட்டி, பின்னால் வால் தொங்குபவை ஒரு பெட்டி. கருப்பாயி ஒருநாள் பங்களாவுக்கு விறகுக் கணக்குச் சொல்லப் போனபோது அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டாள். மறுவாரம் ஒரு தாய்ப்பூச்சி வந்து முட்டையிட்ட கிளையில் நூல் கட்டினாள். புழுக்கள் வந்ததும் அவற்றை மட்டும் பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே கிழிந்த கொசுவலையைக் கட்டி, தினம் இலை கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து டின்னோடு பங்களாவுக்குப் போய் வலையை அவிழ்த்தாள். ஒரு வெள்ளை வந்தது. ஒரு மஞ்சள் வந்தது. பிறகு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

“ஒரே வயித்துப் பிள்ளைங்க தொரை,” என்றாள்.

துரை அன்று சாப்பிடவில்லை என்று பங்களாவில் சமையல் செய்தவர் சொன்னார். மூன்று பெட்டியையும் கொட்டி ஒரே பெட்டியாக்கினார். மூன்று பெயர்ச் சீட்டில் இரண்டைக் கிழித்தார். அதோடு போயிருந்தால் நல்லது. அன்றிலிருந்து நிறம் என்பதையே நம்பக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். எந்தப் பூச்சியைப் பார்த்தாலும், ‘இதற்கு இன்னொரு நிறத்தில் உடன்பிறப்பு எங்கேயோ இருக்கிறது’ என்று தேடத் தொடங்கினார்.

1931-ஆம் வருடக் கடைசியில் ரப்பர் விலை கிடந்த கிடையில் தோட்டத்தில் பாதி மரத்தை வெட்டவே இல்லை. வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்குக் கப்பல் ஏற்றி அனுப்புவதற்கு ஆபீசில் பட்டியல் எழுதினார்கள். எழுதியவர் ஆபீஸ் கணக்கர் கனகசபை கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர்; கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அந்த அழகான கையெழுத்தில் தன் பேர் வந்துவிடுமோ என்று ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் பயம். கருப்பாயிக்கு இரட்டைப் பயம். கால் ஒன்று. இன்னொன்று, தோட்டத்தில் இரண்டு புகைவீடு இருந்தது. இப்போது வருகிற ஷீட்டுக்கு ஒன்றே போதும். எதை மூடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. அவளுடையதை மூடினால் நின்றுகொண்டே செய்யும் வேலை போய்விடும். வேலை போனால் பட்டியல். பட்டியலில் ஏறினால் நாகப்பட்டினம். நாகப்பட்டினத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. சந்திரமதிக்குத் தை மாதம் தலைப்பிரசவம் வேறு.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. துரையின் பெட்டிகளில் பூஞ்சணம் படர்ந்தது. சதுப்புக் காட்டோரம் புதிதாகப் பிடித்த ஒரு டஜன் பூச்சிகள் காயாமல் காகித மடிப்புக்குள் நமுத்துக் கிடந்தன. அவை பெரிய வெள்ளைப் பூச்சிகள், கறுப்புப் புள்ளி வைத்தவை. யாரோ கிழித்துப் போட்ட காகிதம் காற்றில் வருவது போல மிதந்து வரும். லயத்து ஆட்கள் அவற்றைக் கடுதாசிப் பூச்சி என்பார்கள். துரை அந்தப் பொட்டலத்தைக் கிராணியிடம் கொடுத்து, உலர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னார். ஆபீஸ் கூரை ஏழு இடத்தில் ஒழுகியது. கிராணி குடையோடு புகைவீட்டுக்கு வந்தார்.

“கருப்பாயி, இதை எங்கையாவது சூடான இடத்தில வை. நாளைக்கு வாறன்.”

நாளைக்கு அவர் வரவில்லை. கருப்பாயி காகிதங்களைப் பிரித்து, பூச்சிகளை முறத்தில் பரப்பி, மேல் தட்டில், சூடு இதமாக இருக்கும் இடத்தில் வைத்தாள். கருவாடும் மிளகாயும் மழைக்காலத்தில் அங்கேதான் காயும். அது எல்லாப் புகைவீட்டிலும் நடப்பதுதான். அன்று மாலையே சந்திரமதிக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். லீவு கேட்டுக்கொண்டு தங்காக்குக்குப் போனாள். மகளுக்கு வீக்கம் வடிந்து, இவள் திரும்பி வந்து முறத்தை இறக்கியபோது ஆறு நாள் ஆகியிருந்தது.

ஒரு டஜனும் முதல் தரம். கண்ணாடி போல, தேன் போல, எந்த வியாபாரியும் குறை சொல்ல முடியாத நிறம். கறுப்புப் புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன.

துரையின் பூச்சியைக் கெடுத்தாயிற்று. பட்டியலுக்கு இதைவிட வேறு என்ன காரணம் வேண்டும்? முறத்தைத் தூக்கிக்கொண்டு, கிராணியிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று ஆபீசுக்கு நடந்தாள். வாசலில் கிராணி இல்லை. துரை நின்றார்.

துரை முறத்தைப் பார்த்தார். வாயிலிருந்த சுருட்டு கீழே விழுந்தது.

“எங்கே பிடிச்சே?”

“பிடிக்கல தொரை. பொகவீட்டுலதான் இருந்துச்சு. நான் தங்காக் போயிட்டு…”

மீதியைக் கேட்க அவர் அங்கே இல்லை. புகைவீட்டைப் பார்க்க மழையில் ஓடிக்கொண்டிருந்தார், தொப்பி இல்லாமல்.

கிராணி வந்து விஷயத்தைப் புரிந்துகொள்வதற்குள் துரை நனைந்து திரும்பிவிட்டார். வெள்ளைப் பூச்சிக்குத் தேன்நிறத்தில் ஒரு உடன்பிறப்பு! அவர் சொன்னது சரியாகப் போயிற்று. பிறகு, உலர்த்தக் கொடுத்திருந்த வெள்ளைப் பூச்சிகள் எங்கே என்று கேட்டார். கிராணி முறத்தைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், “எறும்பு திண்டுட்டுது சேர்,” என்றார். துரை மற்ற நாளாக இருந்தால் குதித்திருப்பார். அன்றைய சந்தோஷத்தில் எறும்பை மன்னித்தார். அதோடு, இத்தனை நாள் பூச்சிக் கடிதங்களை எல்லாம் எழுதித் தந்ததற்காகப் புதுப் பூச்சிக்குக் கிராணியின் பெயரையே வைக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

அன்று முழுவதும் கனகசபை கிராணி ஆபீஸ் காகிதத்தில் தன் பெயரை எழுதிப் பார்த்தார். லத்தீனில் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு சின்ன வால் வருமாம். வாலோடும் எழுதிப் பார்த்தார்.

நாலாம் நாள் பெரட்டில் துரை ஓர் உத்தரவு போட்டார். அருமையான பூச்சி ஒன்று புகைவீட்டைச் சுற்றிக் குடியிருக்கிறது. புகை அதற்குக் கெடுதல். ஆகவே அடுத்த மாதம் முதல் தேதி அந்தப் புகைவீட்டை மூட வேண்டும். ஷீட்டெல்லாம் இரண்டாம் டிவிஷன் புகைவீட்டுக்குப் போகும்.

கருப்பாயி வரிசையில் நின்று இதைக் கேட்டாள். சிரிப்பு வந்தது. முதல் தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணியதும் அது போய்விட்டது.

பெரட்டு கலைந்ததும் கிராணியின் பின்னாலேயே போனாள்.

“ஐயா, நீங்கதான் தொரைகிட்ட சொல்லணும். அது நம்ம பொகைங்க. பூச்சி இல்ல.”

“உனக்கென்ன விசரே? சத்தம் போடாதை.”

“பொகையை மூடினா என்னை ஊருக்கு அனுப்பிடுவீங்க. பட்டியல் உங்க கையிலதானே இருக்கு?”

“என்ர கையில இருந்தாலும் என்ர முடிவில்லை. இஞ்ச பார் கருப்பாயி, எறும்பு எண்டு சொல்லிப்போட்டன். இப்ப எப்பிடி இல்லை எண்டுறது? சிங்கப்பூருக்குக் கடிதமும் போட்டாச்சு. அங்கையிருந்து பெரிய ஆள் ஒருத்தர் வாறார்.”

“அவர்கிட்டயாவது சொல்லுங்க.”

“என்னெண்டு? என்ர பேர் வைக்கப்போற பூச்சி கருவாடு எண்டே?”

அவர் முகத்தைப் பார்க்கக் கருப்பாயிக்கே பாவமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் புத்தகத்தில் நிற்கப்போகிற பெயர் என்று யாழ்ப்பாணத்துக்கு எழுதிவிட்டாராம்.

சொல்வதற்கு ஆள் இல்லை என்றானபின், காட்டிவிடுவது என்று அவள் தீர்மானித்தாள். சதுப்போரம் போய்க் கடுதாசிப் பூச்சிகளைப் பிடித்து வந்தாள். அவை ஓடத் தெரியாதவை, நொண்டிக் காலுக்கும் அகப்படும். நாளுக்கு ஒன்றாக மேல் தட்டில் வைத்தாள். பக்கத்தில் கையில் கிடைத்த மற்ற பூச்சிகளையும் வைத்துப் பார்த்தாள். வெள்ளைதான் புகையை நன்றாகக் குடித்தது. மஞ்சள் அழுக்கானது, அவ்வளவுதான். நீலப் பூச்சி மட்டும் அவளை வேலை வாங்கியது. எட்டு நாள் வைத்தும் நீலம் நீலமாகவே இருந்தது. அதன் மேல் கூரையிலிருந்து ஒரு சொட்டு ஒழுகியபோது நனைந்த இடம் பச்சையாயிற்று. போச்சு என்று நினைத்தாள். காய்ந்ததும் பழைய நீலமே திரும்பி வந்து உட்கார்ந்தது. அந்த நீலம் பூசிய சாயமில்லை, வெளிச்சம் செய்யும் வேலை ஏதோ என்று அவளுக்குத் தோன்றியது. மயில்தோகையைத் திருப்பிப் பார்த்தால் நிறம் நழுவுமே, அது மாதிரி. யாரிடம் சொல்வது? கிராணியிடம் சொன்னால் காதைப் பொத்துவார்.

எட்டுப் பூச்சிகளை ஒரு பலகையில் வரிசையாகக் குத்தினாள். முதலாவது புகை படாத வெள்ளை. கடைசி, கருப்பட்டி. நடுவில் ஒவ்வொரு நாளும் ஒரு படி. ஷீட்டுக்கு மாதிரி காட்டும் பலகையும் இப்படித்தான் இருக்கும். குழந்தைகூடப் பார்த்தவுடன் சொல்லிவிடும்.

சிங்கப்பூர்க்காரர் மழையோடு வந்தார். ஒல்லியான மனிதர், மூக்கு சிவந்து, ஜலதோஷத்தில் தும்மிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார். அவர் பெயர் ஆட்களின் நாக்கில் வரவில்லை. பூச்சி துரை என்று வைத்துவிட்டார்கள். இரண்டு துரைகளும் புகைவீட்டுக்கு வந்தபோது கருப்பாயி பலகையைத் தூக்கி நீட்டினாள். பேசினால் கெட்டுவிடும் என்று பயம்.

பூச்சி துரை குனிந்து பார்த்தார். வெள்ளையிலிருந்து கருப்பட்டி வரை விரலை ஓட்டினார். திரும்பக் கருப்பட்டியிலிருந்து வெள்ளைக்கு ஓட்டினார். அவர் கண் கலங்கியது. ஜலதோஷமாக இருக்கலாம். பிறகு ஹார்ட்டன் துரையின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

“என்னங்க சொல்றாரு?” என்று கருப்பாயி கிராணியைக் கேட்டாள்.

கிராணியின் முகம் வெளுத்திருந்தது. “வெள்ளைக்கும் தேனுக்கும் நடுவில இருக்கிற படியெல்லாம் கிடைச்சிட்டுதாம். இருபது வருசமாத் தேடினவராம். ஒரு நிறம் இன்னொரு நிறமா மாறுறதை உலகத்தில ஒருத்தரும் இப்பிடி வரிசையாக் காட்டேல்லையாம். நீ கெட்டிக்காரியாம்.”

“ஐயோ!”

கருப்பாயி துரையின் முன்னால் போய் நின்றாள். கையால் குழியைக் காட்டினாள், மேல் தட்டைக் காட்டினாள், பலகையைக் காட்டினாள். “பொகை தொரை! எல்லாம் பொகை!”

ஹார்ட்டன் துரை வருத்தத்தோடு தலையாட்டினார். “ஆமா. புகை மோசம். மூடறான். முதல் தேதி மூடறான்.” அவள் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

அன்றே கிராணி புதுப் பூச்சி கிடைத்த செய்தியைத் தந்தியாக எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். தந்தி லண்டனுக்குப் போயிற்று.

அடுத்து உயிரோடு ஒன்று பிடிக்க வேண்டும் என்றார்கள். புல் பிடுங்கும் ஆட்கள் முழுப்பேரையும் மழையில் வரிசையாக நிறுத்திப் புதர்களை அடிக்கச் சொன்னார்கள். பறந்ததெல்லாம் வெள்ளை. தேன்நிறப் பூச்சி வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறது என்று பூச்சி துரை குறிப்பெழுதினார். வெள்ளைப் பூச்சி பறக்கும்போது அதைப் பார்த்து ஆட்கள், “ஏ, உன் தேன்நிறத் தங்கச்சி எங்கடி?” என்று கேட்டுச் சிரித்தார்கள். முதல் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. கருப்பாயிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் டோபி ஐயாசாமி ஒரு மூட்டையோடு புகைவீட்டு வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, ஒத்தாசை பண்ணணும். பூச்சி தொரை ரெண்டே ஜோடி உடுப்புதான் கொண்டாந்திருக்காரு. ஒண்ணு தினம் சேத்துல போகுது. இன்னொண்ணு மூணு நாளா காயலை. இங்க ஒரு பொழுது தொங்கவிட்டுக்கிறேன்.”

மூட்டையில் வெள்ளை டிரில் கோட்டும் கால்சட்டையும் இருந்தன. நல்ல கெட்டித் துணி. ஈரம். சுத்த வெள்ளை.

கருப்பாயி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னக்கா யோசனை? கீழ்த் தட்டுல ஓரமாப் போட்டாப் போதும். புகை படாம.”

“நான் பாத்துக்கறேன், நீ போ.”

மேல் தட்டில், நடுவில் தொங்கவிட்டாள். ஒரு ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போடுவது போலவே காலையும் மாலையும் திருப்பிப் போட்டாள், ஒரு பக்கம் அதிகமாகிவிடக் கூடாது. ஐயாசாமி மறுநாள் வந்தான். இன்னும் காயவில்லை என்றாள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். பொய் சொல்ல நாக்கு கூசியது. அவன் அப்பாவி, அடி விழுந்தால் அவன் முதுகில்தான் முதலில் விழும். விழுந்தால் நடுவில் போய் நிற்பது என்று முடிவு செய்துகொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் இறக்கிக் கொடுத்தாள்.

ஐயாசாமி அலறிவிட்டான். “அலமாக்! அக்கா, என் பொழப்பையே கெடுத்திட்டியே! இதை எப்படிக் கொண்டுபோய்க் குடுப்பேன்?”

“அவரு சிங்கப்பூர்லேர்ந்து வந்ததே இந்த நிறத்தைப் பாக்கத்தானே? சந்தோசப்படுவாரு, போ.”

“வெளையாடாதே அக்கா!”

“கேட்டா கருப்பாயிதான் தொங்கவிட்டாள்னு சொல்லு. என் பேரைச் சொல்லு. வேற யாரு பேரையும் சொல்லாதே.”

அவன் அழுதுகொண்டே இஸ்திரி போட்டான். மறுநாள் பெரட்டுக்குப் பூச்சி துரையும் வருவதாக இருந்தார். புதர் அடிக்கும் ஆட்களுக்குப் பெட்டியிலுள்ள பூச்சியை நேரில் காட்டுவதற்காக. விடியும் முன் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உடுப்பை மாட்டிக்கொண்டார். அந்த வெளிச்சத்தில் உலகமே மஞ்சளாகத்தான் இருக்கும். மூக்கு அடைத்திருந்ததால் வாசனையும் தெரியவில்லை. தோட்டத்தில் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவர் வரிசையைக் கடந்து போனபோது நல்ல முதல் தர ஷீட் ஒன்று நடந்து போவது மாதிரி வாசம் வீசியது.

மெல்ல விடிந்தது. முதலில் தொப்பி தெரிந்தது, வெள்ளையாக. பிறகு தொப்பிக்குக் கீழே அவர் தெரிந்தார்.

கழுத்திலிருந்து கணுக்கால் வரை தேன். ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. இருநூறு ஆட்கள் வரிசையில் நின்று மூச்சை அடக்கினார்கள். பின்வரிசையில் ஒருத்தி மட்டும் தாங்க முடியாமல், “இந்தா, பிடிச்சாச்சு! உசுரோட பிடிச்சாச்சு!” என்றாள். பெரட்டுக் களமே உடைந்து சிரித்தது.

ஹார்ட்டன் துரை, “ஏய்! சிரிப்பான் யாரு? பேர் எழுது!” என்று கத்திக்கொண்டு திரும்பியவர், விருந்தாளியைப் பார்த்து நின்றுவிட்டார்.

பூச்சி துரை தன் கையைத் தூக்கிப் பார்த்தார். மற்றக் கையையும் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, தேன்நிறப் பூச்சி ஒன்றை ஊசியோடு எடுத்து மெல்லக் கோட்டின் மேல் வைத்தார். இறக்கை காணாமல் போயிற்று. கோட்டின் மேல் கறுப்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன.

அவர் அதை எடுத்தார். திரும்ப வைத்தார். திரும்பவும் காணவில்லை.

கனகசபை கிராணி கண்ணை மூடிக்கொண்டார். ஐயாசாமி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். கருப்பாயி தன் மடங்காத காலை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றாள். அடி விழுந்தால் விழட்டும் என்று நின்றாள்.

பூச்சி துரை அவளைப் பார்த்தார். அவள் தலைக்கு மேலே, தூரத்தில், புகைவீட்டுக் கூரையிலிருந்து சோம்பேறித்தனமாக ஏறும் புகையைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுவது போல உதடு அசைந்தது. பிறகு கிராணியைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை நாள் எண்டு கேக்கிறார்,” என்றார் கிராணி.

கருப்பாயி கோட்டைக் காட்டி மூன்று விரல் நீட்டினாள். பூச்சியைக் காட்டி ஆறு விரல் நீட்டினாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டார். இரண்டு எண்ணையும் எழுதினார். எழுதி முடித்ததும் அவர் முகத்தில் இன்னொரு நினைப்பு வந்தது. தந்தியாகத்தான் இருக்க வேண்டும். தந்தியைத் திரும்பக் கூப்பிட முடியாது. கொஞ்ச நேரம் தும்மினார். பிறகு ஹார்ட்டன் துரையின் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, நீளமாக இங்கிலீஷில் பேசினார்.

கிராணி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க சொல்றாரு?” என்று கருப்பாயி முணுமுணுத்தாள்.

“இந்தப் பூச்சிக்குப் புகைதான் உயிராம். புகை இல்லாட்டி இந்த நிறமே உண்டாகாதாம். உலகத்தில வேற எங்கையும் கிடைக்காததுக்கு அதுதான் காரணமாம். அதில ஒரு சொல்லும் பொய் இல்லை, கருப்பாயி. ஒரு சொல்லும் பொய் இல்லை.”

“அப்புறம்?”

“அந்தப் புகைவீட்டை ஒரு நாளும் மூடக் கூடாதாம். ஆளையும் மாத்தக் கூடாதாம். பேர் வைக்கிறது இப்ப அவசரமில்லையாம். இன்னும் பல வருசம் ஆராய வேணுமாம்.” வாலோடு எழுதிப் பார்த்த பெயர் கிராணிக்கு அதோடு போயிற்று.

ஹார்ட்டன் துரை விருந்தாளியின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. புரிந்துகொள்ள விரும்பவில்லை என்றுதான் பட்டது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு இருநூறு ஆட்களுக்கும் உத்தரவு போட்டார்.

“புகை நிக்கக் கூடாது! கருப்பாயி போகக் கூடாது! எல்லாம் வேலைக்குப் போ!”

பூச்சி துரை அன்று மத்தியான ரயிலுக்கே புறப்பட்டார். சேற்றில் போன வெள்ளை உடுப்பு இன்னும் காயாததால் தேன்நிற உடுப்பிலேயே போனார். ஸ்டேஷனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று மாட்டுவண்டிக்காரர் வந்து சொன்னார்.

முதல் தேதிக்கு முந்தின நாள் லாரி வந்தது. முப்பத்தொரு பேர் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள். அதில் கருப்பாயியோடு ஒரே கப்பலில் வந்தவர்களும் இருந்தார்கள். கல்மனசுக்காரராலும் பார்க்க முடியாத காட்சி. அவள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துவிட்டு, ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். கிராணி கூப்பிட்டிருந்தார்.

முப்பத்திரண்டாவதாக எழுதியிருந்த பேரைக் கிராணி நேர்கோட்டில் அடித்திருந்தார். அடித்ததிலும் அழகு குறையவில்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி.

“இதில விரல் வை.”

“என்னன்னு எழுதியிருக்கீங்க?”

“தோட்டத்துக்கு உன்னாலை ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கெண்டு காரணம் காட்ட வேணும். காட்டியிருக்கிறன்.”

“என்ன காரியமுங்க?”

“பூச்சி வளர்ப்பு.”

கருப்பாயி கொஞ்சம் யோசித்தாள். “எந்தப் பூச்சிங்க?”

“வாயை மூடிக்கொண்டு விரலை வை, கருப்பாயி!”

வைத்தாள்.